மூணாம் நம்பர் சிஸ்டம்

உட்காருங்கள் மேடம். அந்த ஃபேன் சத்தம் போடும், ஆனால் காற்று வரும். சத்தம் போடாத ஃபேன் முன்னறையில் இருக்கிறது. அங்கே உட்கார்ந்தால் தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். பென்னலூரில் எட்டிப் பார்க்கிற வேலையை இருபது வருடமாக நான் ஒருத்திதான் ஒழுங்காகச் செய்துவந்தேன். இன்று எனக்கே ஆள் வந்துவிட்டது. எதிர்வீட்டு ராஜம்மா மூன்றாவது தடவையாக வாசல் பெருக்குகிறாள், பாருங்கள்.

நீங்கள் எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று தெரியும். என் மருமகள் சுகப்பிரியாவின் ஒரிஜினல் சான்றிதழ்கள் என் பீரோவில் இருக்கின்றன. நாளைக் காலை பத்து மணிக்குச் சென்னையில் அவளுக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு. ஒரிஜினல் இல்லாமல் போனால் கிராம நிர்வாக அலுவலர் வேலை கையைவிட்டுப் போய்விடும். அவளும் அவள் சிநேகிதி கவியாவும் வெளியே உங்கள் ஜீப்பில்தான் இருக்கிறார்கள். உள்ளே வந்து நிழலில் உட்காரலாம். அது அவரவர் இஷ்டம். இப்போது மணி மூன்றுதானே ஆகிறது.

புகாரில் எழுதியிருப்பது உண்மையா என்று கேட்டீர்கள். வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் உங்களுக்கும் எழுதச் சௌகரியமாக இருக்கும்.

எங்கள் நிலம் தொழிற்பேட்டைக்குப் போனபோது வந்த பணத்தை வைத்து என் வீட்டுக்காரர் ரகுபதி மாடியில் எட்டு அறைகள் கட்டினார். கட்டி முடித்த கையோடு போய்ச் சேர்ந்தார். கீழே நான் பிரவுசிங் சென்டர் வைத்தேன். நாலு சிஸ்டம், ஒரு ஜெராக்ஸ் மிஷின், கவுண்டரில் எனக்கென்று ஒரு சிஸ்டம். மாடி முழுக்கத் தெற்கத்திப் பெண்கள். கம்பெனி பஸ்ஸில் போய் லைனில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வருவார்கள். எவள் யாரிடம் போனில் அழுகிறாள், எவள் யாரிடம் சிரிக்கிறாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். நான் ஒட்டுக்கேட்டதில்லை. காது திறந்திருந்தது, அவ்வளவுதான்.

இதற்கெல்லாம் ஆரம்பம் ஒரு நல்ல காரியம். பெண்கள் மாப்பிள்ளை பார்க்கிற வெப்சைட்டைத் திறந்தால் ஓரத்தில் கண்றாவியான விளம்பரங்கள் வரும். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சர்வீஸுக்கு வருகிற நரசிம்மனிடம் முறையிட்டேன்.

"இன்னாபா நரசிம்மா, பொண்ணுங்க மாப்ள தேடுற எடத்துல ஒருத்தி குளிச்சிகினு கீறா. கடைக்கு எவ வருவா?"

"அது வெப்சைட்காரன் போடறது, அக்கா. அத்த நாம தொட முடியாது. நம்ம பிரவுசர்ல வேணா மறைச்சி வுட்டுடலாம். எக்ஸ்டென்ஷன்னு ஒண்ணு கீது."

"அவனுக்குத் தெரிஞ்சிட்டா?"

"அவனுக்கு இன்னாத்துக்குத் தெரியணும்? அவன் கடையில எல்லாம் அப்படியேதான் இருக்கும். உன் கண்ணாடில தெரியாது, அவ்ளோதான்."

அந்த வார்த்தை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. யார் பொருளையும் தொடவில்லை. யார் கடையிலும் கை வைக்கவில்லை. நம் வீட்டுக் கண்ணாடியை நாம் துடைக்கிறோம்.

இரண்டு எக்ஸ்டென்ஷன் போட்டுத் தந்தான். ஒன்று, பக்கத்தில் பிடிக்காத கட்டம் எதுவோ அதை அமுக்கி மறைத்துவிடலாம். அடுத்த தடவை திறந்தாலும் அந்தக் கட்டம் வராது. மற்றொன்று, ஒரு வார்த்தையை எழுதி, அதற்குப் பதில் எந்த வார்த்தை வரவேண்டும் என்று பக்கத்தில் எழுதி வைத்தால், அந்த சிஸ்டத்தில் திறக்கிற எல்லாப் பக்கத்திலும் மாறிவிடும். எனக்குப் புரிவதற்காகத் ‘தங்கம்’ என்று வருகிற இடத்தில் ‘புளி’ என்று மாற்றிக் காட்டினான். புளி விலை சவரனுக்கு நூற்று அறுபது ரூபாய் உயர்வு என்று செய்தி வந்தது. நகைக்கடைக்காரர்கள் புளி இறக்குமதி வரியைக் குறைக்கக் கேட்டிருந்தார்கள். நான் இரண்டு நாள் சிரித்தேன்.

பிறகு நானே கற்றுக்கொண்டேன். பத்தாவது வரை படித்தவள், டைப்ரைட்டிங் லோயர். ராசிபலனில் ‘நஷ்டம்’ என்று வந்தால் ‘லாபம்’ என்று மாற்றினேன். மூணாம் ஷிப்ட்டுக்குப் போகிற பெண்கள் சந்தோஷமாகப் போனார்கள். வரன் பக்கத்தில் ‘செவ்வாய் தோஷம்’ என்ற கட்டத்தை மறைத்தேன். இரண்டு கல்யாணம் கூடியது. நன்றாகத்தான் இருக்கிறார்கள், விசாரித்தேன்.

அடுத்தது பரீட்சை ரிசல்ட். பெயில் என்று பார்த்ததும் பெண்கள் கடையிலேயே உட்கார்ந்து அழுவார்கள். பக்கத்து சிஸ்டத்தில் இருப்பவர்கள் எழுந்து போய்விடுவார்கள். அதனால் பெயில் என்பதை எடுத்துவிட்டு ‘ரிசல்ட் வித்ஹெல்டு’ என்று வைத்தேன். பெயில் என்றால் ஒரே நாளில் எல்லாம் முடிந்தது. வித்ஹெல்டு என்றால் எங்கோ ஒரு ஆபீஸில் ஒரு காகிதம் நிற்கிறது என்று அர்த்தம். நம் ஜனங்களுக்கு அது பழக்கமான விஷயம். ரேஷன் கார்டு நிற்கவில்லையா, பட்டா நிற்கவில்லையா. அழுகை நின்றுவிட்டது. நாளைக்கு வந்து பார்க்கிறேன்க்கா என்று சொல்லிவிட்டுப் போவார்கள், சொன்னபடி வருவார்கள். ராஜம்மா மகள் மஞ்சுளா ஒரு வருடம் வந்து பார்த்தாள். அரியர் பரீட்சைக்குப் பணம் கட்டவில்லை என்று ராஜம்மாவுக்கு இப்போது என் மேல் கோபம். அந்த ஒரு வருடம் அவள் மகள் எவ்வளவு நிம்மதியாக இருந்தாள் என்பதை அவள் கணக்கில் எடுப்பதில்லை.

இனி பிரியா விஷயம்.

கழுகுமலைப் பக்கத்துப் பெண். பி.எஸ்சி. படித்துவிட்டுப் போன் தயாரிக்கிற கம்பெனியில் லைனில் நின்றாள். ஷிப்ட் முடிந்து வந்தால் மாடிக்குப் போகமாட்டாள், என் கடையில் உட்கார்ந்துவிடுவாள். மற்றவர்களுக்கு அப்ளிகேஷன் நிரப்பித் தருவாள், காசு வாங்கமாட்டாள். அவளுக்காகவே ஓரகடத்திலிருந்தெல்லாம் என் கடைக்கு ஆள் வந்தது. வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

"ஏக்கா, நீங்க கீது கீதுங்கும்போதெல்லாம் எனக்குக் கீரிப்பிள்ள ஓடுத மாதிரியே இருக்கு."

"நீ ஏக்கான்னு இழுத்தா எனக்கு ஆடு கத்துற மாதிரி கீதுடி. போ, போய் அந்த அண்ணனுக்கு பாரத்த ரொப்பிக் குடு."

எனக்கு ஒரே மகன், லோகேஷ். பெற்றவள் சொல்லக்கூடாது, ஆனால் நீங்கள் எழுதிக்கொள்கிறீர்கள் என்பதால் சொல்கிறேன். இரண்டு வருடத்தில் மூன்று கம்பெனி மாறியவன். லைனில் நின்றால் கால் வலிக்கிறது என்பான். உட்கார்ந்து செய்கிற வேலையில் இடுப்பு வலிக்கும். ஊரில் எல்லார் வீட்டு விஷயமும் எனக்குத் தெரியும் என்பதால், என் வீட்டு விஷயமும் ஊருக்குத் தெரிந்திருந்தது. வல்லக்கோட்டை வரைக்கும் பெண் கேட்டுப் பார்த்தேன். காபி தந்து அனுப்பினார்கள். பிரியாவைப் பார்க்கப் பார்க்க, இவள் இந்த வீட்டிலேயே இருந்துவிட்டால் கடையும் நிற்கும், அவனும் நிற்பான் என்று தோன்றியது. தப்பான ஆசை இல்லை. நல்ல பெண்ணைப் பார்க்கிற எந்தத் தாய்க்கும் வருகிற ஆசை.

அவள் கிராம நிர்வாக அலுவலர் பரீட்சை எழுதியிருந்தாள், கவியாவும் எழுதியிருந்தாள். பிரியாவின் அப்பா காசிராஜன், பங்குனிக்குள் கவர்மென்ட் வேலை கிடைத்தால் சரி, இல்லாவிட்டால் ஊருக்கு வந்து சேர் என்று கெடு வைத்திருந்தார். இது நடந்தது இரண்டு வருடத்துக்கு முன்பு, மாசி மாதம்.

ரிசல்ட் காலை பதினொரு மணிக்கு வந்தது. பிரியா காலை ஷிப்ட்டில் இருந்தாள். அவள் ஹால் டிக்கெட் ஜெராக்ஸ் என்னிடம் இருந்தது. கவுண்டர் சிஸ்டத்தில் நம்பரைப் போட்டுப் பார்த்தேன். முதலில் தெரிந்துகொள்வது என் வழக்கம். அவள் தேறியிருந்தாள். சான்றிதழ் சரிபார்ப்புக்கு அனுமதிக்கப்பட்டுள்ளார் என்று இங்கிலீஷில் போட்டு, கீழே ஒரு கட்டத்தில் தேதி போட்டிருந்தது. பதினாறு நாள் தள்ளி.

அவள் வர நாலு மணி நேரம் இருந்தது. நிதானமாக யோசித்தேன். அவசரத்தில் செய்தேன் என்று தயவுசெய்து எழுத வேண்டாம். வி.ஏ.ஓ. ஆகிவிட்ட பெண் லோகேஷைக் கட்டிக்கொள்வாளா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். என் இடத்தில் யார் இருந்தாலும் அதே பதில்தான் வந்திருக்கும். மூணாம் நம்பர் சிஸ்டத்துக்குப் போய், அனுமதிக்கப்பட்டுள்ளார் என்ற அந்த வரிக்குப் பதில் வித்ஹெல்டு என்று எழுதினேன். தேதி இருந்த கட்டத்தை மறைத்தேன். மூணாம் நம்பரில் வேறு யாரையும் உட்கார விடாமல் அவளுக்காக வைத்திருந்தேன். மற்றவர்களுக்குப் பாதகம் வந்துவிடக்கூடாது என்பதில் கவனமாகத்தான் இருந்தேன்.

மூன்றரைக்கு வந்தாள். நம்பரைப் போட்டாள். நாற்காலியோடு என் பக்கம் திரும்பினாள்.

"என்னக்கா இது, வித்ஹெல்டுன்னு போட்டிருக்கு? நான் எதும் தப்பா நெரப்பிட்டனா?"

பதில் சொல்லலாம் என்று நான் எழுந்திருப்பதற்குள் கவியா வந்துவிட்டாள். மற்ற மூன்றிலும் ஆள் இருந்தது. பிரியாவை நகர்த்திவிட்டு மூணாம் நம்பரிலேயே தன் நம்பரைப் போட்டுப் பார்த்தாள்.

"ஏட்டி, எனக்கும் அதான் போட்டிருக்கு. ரெண்டு பேருக்கும்னா நம்ம தப்பில்லட்டி. அவுக ஆபீசுலதான் கோளாறு."

இதை நான் திட்டமிடவில்லை. ஆனால் கவியா சொன்னதும் பிரியாவின் முகம் தெளிந்துவிட்டது. ஒருத்திக்கு மட்டும் என்றால் சென்னைக்கு ஓடிப்போய் விசாரித்திருப்பாள். நான் போனைக் காதில் வைத்து இரண்டு நிமிடம் பேசிவிட்டு, "கேஸ் போட்டுகீறாங்களாம்டி. எங்க சொந்தக்காரரு அங்கதான் கீறாரு. முடிஞ்சதும் தானா வருமாம், அதுவரைக்கும் யாரும் வந்து தொந்தரவு பண்ணக் கூடாதாம்" என்றேன். நம் ஊரில் எந்தத் தாமதத்துக்கும் கேஸ் என்று சொன்னால் போதும். அதற்கு மேல் ஒருவரும் கேட்பதில்லை.

அவர்கள் போன பிறகு கவியாவின் நம்பரையும் என் சிஸ்டத்தில் போட்டுப் பார்த்தேன். அவளும் தேறியிருந்தாள். அவள் மேல் எனக்கு எந்தப் பகையும் இல்லை. அவளிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த நிமிடம் பிரியாவுக்குத் தெரிந்திருக்கும். ஒரு பெண்ணுக்காக இன்னொரு பெண் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது உலகத்தில் இல்லாதது இல்லை. தனக்கே தெரியாமல் விட்டுக்கொடுத்தாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்போது இரண்டு பேரிடமும் இருந்தது பட்டன் போன்தான், நெட் கிடையாது. பதினாறு நாளும் பிரியா ஷிப்ட் முடிந்ததும் வந்து பார்த்தாள். தினமும் ஒரு டீயும் இரண்டு பட்டர் பிஸ்கட்டும் கொடுத்தேன். பதினாறாம் நாள், சென்னையில் அவள் பெயரைக் கூப்பிட்டிருக்கக்கூடிய நேரத்தில், அவள் இங்கே ஒரு பாட்டிக்கு முதியோர் பென்ஷன் பாரம் நிரப்பிக்கொண்டிருந்தாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். என்னக்கா என்று கேட்டாள். பேன் இருக்கிற மாதிரி இருந்தது என்றேன்.

பங்குனி முடிந்தது. அப்பா கூப்பிட்டார். ஊருக்குப் போனால் தீப்பெட்டி ஆபீஸ் வேலைதான் என்று அழுதாள். நான் லோகேஷைப் பற்றிப் பேசினேன். சொந்த வீடு, எட்டு அறை வாடகை, வரதட்சணை வேண்டாம் என்றேன். காசிராஜன் வந்து பார்த்தார். என்ன ஆட்கள் என்று இரண்டு பக்கமும் விசாரித்துக்கொண்டோம். வாடகை வருகிற மாடியை ஏறிப் பார்த்த பிறகு அவருக்கு எல்லாப் பொருத்தமும் பொருந்தியது. வைகாசியில் வல்லக்கோட்டை முருகன் சந்நிதியில் கல்யாணம். ஒரு பைசா வாங்காமல் ஏழைப் பெண்ணை எடுத்தேன் என்று ஊரே மெச்சியது. தாலி முடியும்போது கவியாதான் விளக்குப் பிடித்தாள்.

அவள் என் வீட்டில் நன்றாகத்தான் இருந்தாள். கம்பெனி வேலையை விட்டுவிட்டுக் கடையைப் பார்த்துக்கொண்டாள். லோகேஷும் வேலையை விட்டுவிட்டு அவளைப் பார்த்துக்கொண்டான். கை நீட்டினானா என்று கேட்கிறீர்கள். இரண்டு தடவை. உன்னிப்பாக எண்ணினால் மூன்று. இரண்டாவது தடவை நான் அவனைக் கண்டித்தேன். அது புகாரில் இருக்காது, எழுதிக்கொள்ளுங்கள்.

கவியாவின் அண்ணன் சும்மா இருக்காமல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுதிப் போட்டிருக்கிறான். பதில் வந்தது. அந்தக் காகிதத்தோடு எட்டு மாதத்துக்கு முன் ஒரு மத்தியானம் கவியா கடைக்குள் வந்தாள்.

"பிரியா, நம்மளக் கூப்பிட்டிருக்காவட்டி. நாமதான் போகலையாம். ஆப்சென்ட்டுன்னு எழுதி அனுப்பியிருக்காவ."

பிரியா காகிதத்தை இரண்டு தடவை படித்தாள். என்னைப் பார்க்கவில்லை. நேரே மூணாம் நம்பருக்குப் போய் உட்கார்ந்தாள். ஒரு வருடத்துக்கு மேல் கடையை நடத்தியவள் அல்லவா, எங்கே தேடவேண்டும் என்று தெரிந்திருந்தது. எக்ஸ்டென்ஷனைத் திறந்து வார்த்தைப் பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்தாள். தங்கம், புளி. நஷ்டம், லாபம். பெயில், வித்ஹெல்டு. கடைசி வரி. நான் அதை அழிக்கவில்லை. அழிக்கவேண்டும் என்று தோன்றாததற்குக் காரணம், அதைத் தப்பு என்று நினைக்காததுதான்.

"அத்தை, இதுல என் பேரும் இல்ல, நம்பரும் இல்ல. வெறும் வார்த்தைதான் இருக்கு. என்னையத் தடுக்கணும்னா தடுத்துட்டுப் போங்க. கவியா என்ன பண்ணா?"

"அவ உக்காந்த எடம் அப்படிடி" என்றேன்.

"பதினாறு நாளும் தெரிஞ்சுதான் டீ குடுத்தீயளா?"

"டீயில நான் ஒண்ணும் கலக்கலியே பிரியா."

அவள் மாற்றுச் சேலை இரண்டை எடுத்துக்கொண்டு கவியாவோடு போய்விட்டாள். ஓரகடத்தில் ஒரே அறையில் இருந்து இரண்டு பேரும் மறுபடி பரீட்சை எழுதினார்கள். கவியாவுக்கு இந்தத் தடவை மார்க் போதவில்லை. பிரியா தேறிவிட்டாள். போன வாரம் ரிசல்ட். தன் போனிலேயே பார்த்துக்கொண்டாளாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மூணாம் நம்பரில் இடைப்பட்ட காலத்தில் வேறு யார் ரிசல்ட் பார்த்தார்கள் என்று கேட்டீர்கள். கல்யாணத்துக்குப் பிறகு அந்த சிஸ்டத்தை எல்லாருக்கும் திறந்துவிட்டேன். அதே வரி வருகிற பரீட்சைகள் இருந்திருக்கலாம். வந்தவர்கள் பெயர் நோட்டில் இருக்கும், எடுத்துப்போங்கள். நாலைந்து பேருக்கு மேல் இருக்காது. ஒருத்தரும் வந்து சண்டை போடவில்லை. அவர்களும் கேஸ் முடியட்டும் என்று காத்திருப்பார்கள்.

ஆக, எல்லாம் உண்மை. தெரிந்தே செய்தேன், தனியாகச் செய்தேன், லோகேஷுக்கு எதுவும் தெரியாது. கையெழுத்து எங்கே என்று காட்டுங்கள். அவள் மேல் எனக்கு வருத்தம் இல்லை என்பதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். சான்றிதழைக் கேட்டு அவள் இந்த வாரம் இரண்டு தடவை வந்தாள். முதல் தடவை சாப்பிட்டுவிட்டு வாங்கிக்கொள் என்றேன், சாப்பிடமாட்டேன் என்றாள். இரண்டாம் தடவை உள்ளே வந்து உட்கார்ந்து பேசு என்றேன், நின்றுகொண்டே கேட்டாள். வீட்டு மருமகள் வீட்டுக்குள் வரட்டும் என்று நினைப்பது குற்றமா. அவள் நன்றாக இருக்கவேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பு இல்லை.

பீரோவா? அந்த அறையில்தான் இருக்கிறது, பச்சைக் கலர். எல்லாம் ஒரே ஃபைலில் பத்திரமாக அடுக்கி வைத்திருக்கிறேன், ஒரு மூலை மடங்கியிருக்காது. என் இடுப்பில் இருப்பதைப் பார்க்கிறீர்கள், இது கடைச் சாவி, மேடம். பீரோ சாவி லோகேஷிடம் இருக்கிறது. அவனுக்கும் மனசு சரியில்லை. திருச்செந்தூருக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வா என்று இன்று காலையில் நான்தான் பஸ் ஏற்றிவிட்டேன். பூட்டை உடைப்பதென்றால் அதற்கும் ஆள் தேடவேண்டும், எழுதி வாங்கவேண்டும், உங்களுக்குத்தான் சிரமம். நாளை மறுநாள் அவன் வந்துவிடுவான். இரண்டு நாளில் என்ன ஆகிவிடப் போகிறது.